தளத்துக்கு அடியில் ஒரு தண்டு

குடும்பம் முழுவதும் ஒரே வண்டியில் அமர்ந்து பிரயாணம் செய்வதற்கென்றே ஏற்பட்ட மினிவேனின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அதன் ஆசனங்களின் எண்ணிக்கையையும், பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும் கதவின் சௌகரியத்தையும், அதைத் தயாரித்த கம்பெனிகள் ஈட்டிய லாபத்தையும் பற்றியே பெரும்பாலும் விஸ்தாரமாக எழுதிச் செல்கின்றனர். அந்த வண்டியின் தளத்துக்கு அடியில், பிரயாணிகளில் ஒருவர் கண்ணிலும் படாமல், முன்புறமிருந்து பின்னச்சு வரையில் ஓடிய ஒரு நீண்ட இரும்புத் தண்டைப் பற்றியும், அந்தத் தண்டின் வழியே சக்தி எப்பொழுது செல்லவேண்டும், எவ்வளவு செல்லவேண்டும் என்பதை ஓட்டுபவரின் கட்டளைக்குக் காத்திராமல் தானே நிர்ணயித்துக்கொண்ட ஒரு சிறு உருளையைப் பற்றியும் எழுதினவர் மிகச் சிலரே. பனி உறைந்த மேட்டுச் சாலைகளில் பிள்ளைகளோடும் முதியோரோடும் சென்ற எத்தனையோ வண்டிகள் சறுக்காமல் வீடு சேர்ந்ததற்குக் காரணமாயிருந்த சாதனம் இவ்வாறு மறக்கப்படுவது நியாயமாகாது. பழைய மினிவேன்களில் நான்கு சக்கரங்களையும் இயக்கும் ஏற்பாடு எவ்விதம் தோன்றி, எவ்விதம் வேலை செய்து, எவ்விதம் மறைந்தது என்பதை ஆராய்ந்து பார்த்தால், அது தளத்துக்கு அடியிலுள்ள குறுகிய இடம் யாருக்கு உரியது என்ற நீண்ட வழக்கின் வரலாறாகவே எனக்குத் தோன்றுகிறது.

1983-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில், டெட்ராய்ட் நகரத்துக்கு நதியின் எதிர்க்கரையில் அமைந்துள்ள வின்ஸர் தொழிற்சாலையிலிருந்து கிரைஸ்லர் கம்பெனியின் முதல் மினிவேன் வெளிவந்தது. ஃபோர்டு கம்பெனியில் இருந்த காலத்திலேயே இத்தகைய வண்டியைக் கனவு கண்டு, அங்கே அதற்கு இடம் கிடைக்காமல் வெளியேறிய ஹால் ஸ்பெர்லிக் என்பவரும், அவருக்குப் பின் அதே கம்பெனியிலிருந்து நீக்கப்பட்டுக் கிரைஸ்லரின் தலைமையை ஏற்ற லீ ஐயகோக்காவும், 150 கோடி டாலர் வரையிலான கடன்களுக்கு அரசாங்கம் ஜாமீன் நின்று காப்பாற்றிய ஒரு கம்பெனியின் எதிர்காலத்தையே அந்த வண்டியின்மீது பணயமாக வைத்தார்கள் என்றால் அது மிகையன்று. டாட்ஜ் கேரவன் என்றும் பிளிமத் வாயேஜர் என்றும் இரு பெயர்களில் விற்பனையான அவ்வண்டியின் சிறப்பு முழுவதும் அதன் தளத்தில் அடங்கியிருந்தது. எஞ்சின் குறுக்காக முன்புறத்தில் படுத்து, முன்சக்கரங்களை மாத்திரமே இயக்கியபடியால், பின்புறத்துக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் தண்டுக்கு அவசியமே இல்லாமற்போயிற்று. தண்டு இல்லாதபடியால் நடுவே மேடு எழும்பவில்லை. மேடு இல்லாதபடியால் தளம் சமமாகவும் தாழ்வாகவும் அமைந்து, குழந்தையும் பாட்டியும் சிரமமின்றிக் கால்வைத்து ஏறக்கூடியதாயிற்று.

ஆனால் அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ஏழு பேரும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளும் ஏறியபின் பாரம் பின்புறத்தில் அழுந்துகிறது. வண்டி மேடேறும்பொழுது அந்தப் பாரம் இன்னும் பின்னுக்குச் சாய்கிறது. இழுக்கவேண்டிய முன்சக்கரங்களோ, சாலையை இறுகப் பற்றவேண்டிய அந்த நிமிஷத்தில்தான், தங்கள்மீதுள்ள பாரம் குறைந்து இலேசாகின்றன. வறண்ட சாலையில் இதனால் யாதொரு துன்பமும் இல்லை. பனிக்கட்டி படிந்த ஒரு மேட்டில், முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழல, பாரம் முழுவதையும் தாங்கிய பின்சக்கரங்கள் ஒரு பயனுமின்றிச் சும்மா நிற்கும் காட்சியை மிச்சிகன், மினசோட்டா முதலிய மாநிலங்களில் வாழ்ந்தவர்கள் நன்கு அறிவர். பின்சக்கரங்களுக்கும் சக்தி கொடுக்கவேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சங்கடம் இருந்தது.

அந்தச் சங்கடத்தின் மூலத்தை அறியாமல் இந்தச் சரித்திரம் விளங்காது. வண்டி ஒரு வளைவில் திரும்பும்பொழுது நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு வட்டங்களில் உருள்கின்றன. வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைக் காட்டிலும் அதிக தூரம் ஓடுகிறது. அது போலவே முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைக் காட்டிலும் சற்று அதிகமாக ஓடவேண்டியிருக்கிறது. ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் வேற்றுமையைத் தீர்த்துவைக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்புக்கு, பிரெஞ்சு நாட்டு ஒனசிஃபோர் பெக்கர் என்பவர் 1827-ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றுவிட்டார். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே உள்ள வேற்றுமையை யார் தீர்ப்பது? இரண்டு அச்சுகளையும் ஒரே தண்டினால் இறுகப் பிணைத்துவிட்டால், சேற்றிலும் மணலிலும் சக்கரங்கள் சற்றே வழுக்கி அந்த வேற்றுமையைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். கெட்டியான தார்ச் சாலையிலோ தண்டு முறுக்கேறி, டயர்கள் தேய்ந்து, பல்சக்கரங்கள் நொறுங்கும் நிலை உண்டாகும். யுத்தகாலத்து ஜீப் வண்டியில் முன்னச்சின் இணைப்பைப் போடவும் எடுக்கவும் ஒரு நெம்புகோலை வைத்துப் போர்வீரனிடம் அதன் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பின்னாசனத்தில் குழந்தை அழ, கடைக்கும் பள்ளிக்கும் வண்டி ஓட்டிச் செல்லும் ஒரு தாயிடம், இந்தச் சாலையில் நெம்புகோலை இழு, அந்தச் சாலையில் தள்ளு என்று விதிப்பது முறையாகாது. குடும்ப வண்டிக்கு வேண்டியது தானே அறிந்து செயற்படும் இணைப்பு.

அவ்வித இணைப்பைத் தேடும் முயற்சி தொடங்கிய இடம் இங்கிலாந்து. டிராக்டரின் பின்புறத்தில் ஏரை மூன்று முனைகளில் மாட்டும் முறையைக் கண்டு உலகமெங்கும் உழவுத் தொழிலை மாற்றியமைத்த ஹாரி ஃபெர்குஸன், தம் வாழ்நாளின் இறுதிப் பகுதியில், சாதாரண ஜனங்கள் ஓட்டும் மோட்டார் வண்டி சறுக்காமல் செல்வதற்கு நான்கு சக்கரங்களும் இயங்குவதே வழி என்ற உறுதியோடு, கவன்ட்ரி நகரத்தில் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்றை நடத்திவந்தார். அவருக்கு வலதுகையாக அமைந்தவர் டோனி ரோல்ட். ஜெர்மானியரின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையில் யுத்தக் கைதியாக இருந்தபொழுது, கோட்டைக் கூரைமேலிருந்து ரகசியமாகப் பறந்து தப்புவதற்கென்று கைதிகள் விமானம் ஒன்றைக் கட்டிய துணிகரமான யோசனையில் பங்குகொண்டவர் இவர். 1953-இல் பிரான்ஸ் தேசத்து லெ மான்ஸ் பந்தயத்தில் டங்கன் ஹாமில்டனோடு சேர்ந்து ஜாகுவார் வண்டியை ஓட்டி வெற்றி பெற்றவரும் இவரே. வேகத்தின் அபாயத்தை நேரில் அனுபவித்த ஒருவர், தம் ஆயுளின் பெரும்பகுதியைக் குடும்ப வண்டிகளின் பத்திரத்துக்காகச் செலவிட்டார் என்பது எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்குகிறது.

ஃபெர்குஸனின் ஸ்தாபனம் ஆர் 5 என்னும் நான்கு சக்கர இயக்கமுள்ள குடும்ப வண்டி ஒன்றைச் செய்துகாட்டியது. எந்தக் கம்பெனியும் அதை உற்பத்திக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அதே தத்துவத்தில் அமைந்த பி 99 என்னும் பந்தய வண்டி, ஃபெர்குஸன் காலமான மறு வருஷமான 1961-இல், ஓல்டன் பார்க் என்னுமிடத்தில் நடந்த தங்கக் கோப்பைப் பந்தயத்தில், ஈரம் படிந்த பாதையில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்ட, முதலாவதாக வந்தது. 1966 முதல் 1971 வரையில் ஜென்ஸன் கம்பெனி இந்த ஏற்பாட்டைத் தன் எஃப்.எஃப். என்னும் வண்டியில் பொருத்தி, 320 வண்டிகளே செய்தது. அவற்றை வாங்கியோர் செல்வந்தர். 1971-இல் ரோல்ட் தனியாக எஃப்.எஃப். டெவலப்மென்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். விஸ்கஸ் கப்ளிங் என்னும் உருளை சாமானியரின் வண்டிகளில் ஏறும் பக்குவத்தை அடைந்தது அந்தக் கம்பெனியின் முயற்சியினாலேதான்.

அந்த உருளையின் உட்புறம் மிகவும் எளிமையானது. மூடிய உறைக்குள் மெல்லிய எஃகுத் தட்டுகள் பல அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்று உறையோடும், மற்றவை நடுத்தண்டோடும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தட்டும் மற்றொரு தட்டும் தொடுவதில்லை. இடையே உள்ள சந்துகளில் கெட்டியான சிலிகோன் திரவம் நிறைந்திருக்கிறது. முழுவதும் நிறைக்காமல் கொஞ்சம் காற்றுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். உறை முன்னச்சோடும், நடுத்தண்டு பின்னச்சோடும் சேர்ந்து சுழல்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழலும்வரையில் திரவம் தன் பாட்டில் இருக்கிறது. வளைவில் திரும்பும்பொழுது உண்டாகும் சிறு வேற்றுமையை அது பொறுத்துக்கொள்கிறது. முன்சக்கரங்கள் பனியில் வழுக்கி வேகமாகச் சுழலத் தொடங்கினால் ஒரு வரிசைத் தட்டுகள் மற்ற வரிசையை விட்டு விரைகின்றன. கெட்டியான வெல்லப்பாகில் கரண்டியை மெல்லச் சுழற்றினால் இடங்கொடுப்பதும், வேகமாகச் சுழற்றினால் பாத்திரத்தையே கூடச் சேர்த்துத் திருப்பப் பார்ப்பதும் போல, திரவம் தன் பிசுபிசுப்பினால் மெதுவான தட்டுகளையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த இழுப்பே பின்சக்கரங்களுக்குச் செல்லும் சக்தி.

இதற்கு மேலும் ஒரு விசேஷம் உண்டு. வழுக்கல் நீடித்தால் திரவம் உரசலினால் சூடேறி விரிகிறது. விரிந்த திரவம் காற்றுக்கு விட்ட இடத்தையும் நிரப்பிவிட, உறைக்குள் அழுத்தம் திடீரென்று உயர்ந்து, அதுவரையில் ஒன்றையொன்று தொடாமலிருந்த தட்டுகள் நெருங்கி உராய்ந்து, முன்னச்சும் பின்னச்சும் கிட்டத்தட்ட ஒரே தண்டாகப் பிணைந்துவிடுகின்றன. பிணைந்தபின் வேக வேற்றுமை இல்லை. வேற்றுமை இல்லாதபடியால் புதிதாகச் சூடு உண்டாவதில்லை. சூடு தணிந்ததும் இணைப்புத் தானே தளர்கிறது. மின்சாரம் இல்லை, கணக்கிடும் பொறி இல்லை, சமிக்ஞை விளக்கு இல்லை. பொருளின் சுபாவமே புத்தியாகி வேலை செய்கிறது. யந்திரங்களில் அழகு உண்டென்று ஒப்புக்கொள்வோர் இதைக் காட்டிலும் அழகான சாதனங்களைப் பலவாகக் காட்டிவிட முடியாது என்பது என் துணிபு.

இந்த உருளை முதன்முதலாகப் பெருவாரியாக விற்பனையானது அமெரிக்காவில். ஜீப் வண்டிகளையும் சிறு கார்களையும் செய்துவந்த அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனி, பொறியியல் தலைவர் ராய் லன்னின் ஊக்கத்தினால், ரோல்ட்டின் கம்பெனியைக் கொண்டு மாதிரி வண்டி ஒன்றைத் தயாரிக்கச் செய்து, 1980-ஆம் ஆண்டு வண்டியாக ஈகிள் என்பதை வெளியிட்டது. சாதாரணக் காரின் உடலும், எப்பொழுதும் நான்கு சக்கரங்களிலும் இயங்கும் ஏற்பாடும் சேர்ந்த அவ்வண்டிக்குப் பனிப் பிரதேசங்களில் நல்ல வரவேற்பு இருந்தது. கம்பெனிக்கோ ஆயுள் இல்லை. 1987-இல் அதைக் கிரைஸ்லர் விலைக்கு வாங்கிற்று.

இப்பொழுது நாம் ஆஸ்திரியா தேசத்துக்குச் செல்லவேண்டும். ஸ்டைரியா மாகாணத்தின் தலைநகரமான கிராட்ஸ் நகரத்தில், ஸ்டையர்–டைம்லர்–புக் என்னும் நீண்ட பெயருடைய ஸ்தாபனம், ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் ஏறக்கூடிய வண்டிகளைச் செய்வதில் கீர்த்தி பெற்றிருந்தது. 1959-இல் ஹாஃப்லிங்கர், 1971-இல் பின்ஸ்கௌவர் என்று ராணுவத்துக்கும் மலைவாசிகளுக்கும் வண்டி செய்து பழகிய கைகளுக்கு, 1979 முதல் மெர்ஸிடிஸ் கம்பெனியின் ஜி வண்டியைச் செய்யும் பொறுப்பும் வந்துசேர்ந்தது. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் பஸ் போன்ற வேனை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றவேண்டும் என்ற ஆசை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே முளைத்திருந்தது. அதன் வேன் பிரிவைக் கவனித்த பொறியியலார் குஸ்டாவ் மாயர், மாதிரி வண்டிகள் சிலவற்றைச் செய்து சஹாரா பாலைவனத்திலேயே ஓட்டிப் பரீட்சித்தார். அந்த ஆசை பூர்த்தியானது 1985-இல் வந்த ஸிங்க்ரோ வேனில். ஹனோவர் நகரத்தில் செய்த உடல்கள் கிராட்ஸுக்கு அனுப்பப்பட்டு, அங்கே முழு வண்டிகளாயின.

ஸிங்க்ரோவில் எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. பின்சக்கரங்களே பிரதானமாக இயங்கின. கியர் பெட்டியிலிருந்து ஒரு தண்டு, பின்னிருந்து முன்னாகத் தளத்தின் கீழே ஓடி, முன்னச்சின் டிஃபரன்ஷியலை அடைந்தது; அந்த டிஃபரன்ஷியலின் வாசலிலே விஸ்கஸ் கப்ளிங் காவல் நின்றது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே நடு டிஃபரன்ஷியல் என்று ஒன்று தனியாக வைக்கப்படவில்லை. அதன் வேலையையும் இந்த உருளையே பார்த்தது. மலைப்பாதையில் மெல்ல ஊர்ந்து ஏறுவதற்கென்று மிகத் தாழ்ந்த கியர் ஒன்றும், வேண்டுவோருக்கு அச்சின் இரு சக்கரங்களையும் பூட்டிவிடும் வசதியும் அமைந்தன. பின்புறத்து எஞ்சின் காரணமாகத் தளம் முன்பே உயர்ந்திருந்தபடியால், தண்டுக்கு இடம் தேடவேண்டிய கஷ்டம் இந்த வேனுக்கு இல்லை. இன்றும் ஐரோப்பாவில் அதைப் போற்றிப் பராமரிப்போர் பலர் உளர். அவர்களுடைய பிரியம் காரணமற்றதன்று.

ஜப்பானியர் வேறு வழியில் தொடங்கினர். பஜேரோ என்னும் மலைவண்டியை 1982-இல் வெளியிட்ட மிட்ஸுபிஷி கம்பெனி, அதே ஆண்டில் அதன் இயக்க உறுப்புகளை டெலிக்கா என்னும் தன் வேனின் அடியிலும் பொருத்தியது. இலங்கையின் வீதிகளில் டெலிக்கா வேனில் பிரயாணம் செய்யாதவர்கள் குறைவு. அங்கே ஓடியவற்றுள் பெரும்பாலானவை பின்சக்கரங்களில் மாத்திரம் இயங்கியவை. ஜப்பானின் வடக்கே, பனி ஆளுயரம் பெய்யும் பிரதேசங்களுக்காகச் செய்த டெலிக்காவில் ஜீப்பைப் போலவே நெம்புகோலும், உயர்ந்த கியர், தாழ்ந்த கியர் என்ற பிரிவும் இருந்தன. ஓட்டுபவர் சாலையை அறிந்து தாமே தீர்மானிக்கவேண்டும். 1994-இல் வந்த டெலிக்கா ஸ்பேஸ் கியரில்தான் நடு டிஃபரன்ஷியலும் விஸ்கஸ் கப்ளிங்கும் சேர்ந்து அந்தப் பாரத்தைக் குறைத்தன.

டொயோட்டா கம்பெனி 1990-இல் வெளியிட்டதும், அயல்நாடுகளில் பிரெவியா என்று அறியப்பட்டதுமான எஸ்டிமா, தளத்தின் வழக்கை மிக விநோதமான முறையில் தீர்க்க முயன்றது. நான்கு சிலிண்டர்களும் 2.4 லிட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சினை, செங்குத்தினின்றும் 75 பாகை சாய்த்து, ஏறக்குறையப் படுக்கவைத்து, முன்னாசனங்களின் கீழே புதைத்துவிட்டார்கள். மின்சாரம் உண்டாக்கும் பொறி முதலிய உபகரணங்களை எஞ்சினோடு சேர்த்துப் புதைத்தால் பழுதுபார்க்க இயலாதென்று, அவற்றை வண்டியின் மூக்கில் வைத்து, எஞ்சினிலிருந்து முன்னோக்கி ஓடும் ஒரு சிறு தண்டினால் இயக்கினார்கள். எஞ்சின் நடுவில் இருந்தபடியால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பாரம் சமமாகப் பகிரப்பட்டது. ஆல்-டிராக் என்ற பெயரோடு வந்த வண்டிகளில் நடு டிஃபரன்ஷியலும் அதைக் கட்டுப்படுத்தும் விஸ்கஸ் கப்ளிங்கும் சேர்ந்து நான்கு சக்கரங்களையும் எப்பொழுதும் இயக்கின. பொறியியலின் கண்கொண்டு பார்த்தால் பழைய மினிவேன்கள் அனைத்திலும் இதுவே சிறந்த அமைப்பென்பேன். எஞ்சினை அணுகுவதற்கு ஆசனத்தையும் விரிப்பையும் நீக்கவேண்டியிருந்தது மெக்கானிக்குகளுக்குப் பெருந்தொல்லைதான் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டு வண்டிகளாக ஃபோர்டு ஏரோஸ்டாரும் ஷெவர்லே ஆஸ்ட்ரோவும் நான்கு சக்கர இயக்கத்தோடு வந்தன. இரண்டும் லாரி மரபில் பிறந்தவை. எஞ்சின் நீளவாட்டில் இருந்து, பின்சக்கரங்களை இயக்கும் தண்டு முன்பே ஓடிக்கொண்டிருந்தபடியால், முன்னச்சுக்கு ஒரு கிளையைப் பிரித்து அனுப்புவதே வேலையாயிருந்தது. ஆஸ்ட்ரோவில் சக்தி முன்னுக்கு 35 பங்கும் பின்னுக்கு 65 பங்குமாகப் பிரிந்தது. வேற்றுமையை அடக்க விஸ்கஸ் கப்ளிங் இருந்தது. ஏரோஸ்டாரிலோ திரவத்துக்குப் பதிலாக மின்காந்தக் கிளட்ச் ஒன்று, இரு தண்டுகளின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மின்னணுக் கருவியின் ஆணைப்படி, நடு டிஃபரன்ஷியலைப் பூட்டியது. பின்னாளில் எல்லா வண்டிகளிலும் வரப்போகிற முறையை அது முன்கூட்டியே காட்டிற்று.

கிரைஸ்லருக்கு இருந்த கஷ்டம் இவர்கள் எவருக்கும் இருந்ததில்லை. சமமான தாழ்ந்த தளத்தை விட்டுக்கொடுக்காமல், குறுக்கே படுத்த எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குத் தண்டு ஓட்டவேண்டும். 1991-ஆம் ஆண்டு வண்டிகளில் அக்கம்பெனி அதைச் சாதித்துக் காட்டியது. கியர் பெட்டியின் பக்கத்தில் பொருத்திய ஒரு சிறு பெட்டி, சாய்வான பல்சக்கரங்களினால் சக்தியின் திசையைச் செங்கோணமாகத் திருப்பி, புரொபெல்லர் ஷாஃப்ட் என்னும் நீண்ட தண்டுக்குக் கொடுத்தது. அந்தத் தண்டு பின்னச்சை நோக்கிச் செல்லும் வழியில் விஸ்கஸ் கப்ளிங் அமைந்தது. வறண்ட நேர்ச்சாலையில் சக்தியின் பெரும்பகுதி முன்சக்கரங்களுக்கே சென்றது. அவை வழுக்கியபொழுதே பின்சக்கரங்கள் கைகொடுத்தன.

இவ்வளவோடு காரியம் முடிந்துவிடவில்லை. பனியில் பிரேக்கை அழுத்தி முன்சக்கரங்கள் நின்றுவிட்டால், கப்ளிங்கின் இழுப்பினால் பின்சக்கரங்களும் நிற்கப் பார்க்கும். பின்சக்கரங்கள் நின்ற வண்டி நிலைதடுமாறிச் சுழன்றுவிடும். ஆகவே தண்டின் வழியில் ஒருவழிக் கிளட்ச் ஒன்றை இடையிட்டார்கள். முன்னிருந்து பின்னுக்குச் சக்தி செல்லலாம். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைக் காட்டிலும் வேகமாகச் சுழல நேர்ந்தால் தடையின்றிச் சுழலலாம். இதனால் மற்றொரு சங்கடம் முளைத்தது: ரிவர்ஸில் எல்லாம் எதிர்த்திசையில் சுழல்வதால், ஒருவழிக் கிளட்ச் பிடிப்பின்றி நழுவிவிடும். பனியில் புதைந்த வண்டிக்கு ரிவர்ஸ்தான் முக்கியம். எனவே எஞ்சினின் வெற்றிட அழுத்தத்தினால் இயங்கும் பற்களுள்ள வேறொரு கிளட்ச், ரிவர்ஸ் போட்டவுடன் ஒருவழிக் கிளட்சைத் தாண்டி நேராகப் பிணைத்தது. 2001-ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து இரு திசையிலும் வேலை செய்யும் ஒரே கிளட்ச் வந்து இந்த இரட்டை ஏற்பாட்டை நீக்கிற்று. ஒரு பரிகாரம் ஒரு குறையைப் பெற, அந்தக் குறை மற்றொரு பரிகாரத்தைப் பெற, இவ்வாறு படிப்படியாக யுக்திகள் பெருகியதைப் பார்க்கும்பொழுது, பெயர் வெளியே தெரியாத பொறியியலார் பலருடைய பொறுமை நம் கண்முன் நிற்கிறது. 1991-ஆம் ஆண்டிலேயே கிராட்ஸில், ஸ்டையர் ஸ்தாபனத்தோடு கூட்டாக அமைத்த யூரோஸ்டார் என்னும் தொழிற்சாலையில், ஐரோப்பாவுக்கான வாயேஜர் வண்டிகளும் உற்பத்தியாகத் தொடங்கின என்பது இங்கே நினைக்கத்தக்கது.

1994-இல் ஹோண்டா கம்பெனி ஜப்பானில் வெளியிட்ட ஒடிஸியில் திரவத்தின் பிசுபிசுப்புக்குப் பதிலாக இரண்டு எண்ணெய் பம்புகள் காவல் நின்றன. ஒன்று முன்னச்சோடும் மற்றொன்று பின்னச்சோடும் சுழல, வேகம் ஒத்திருக்கும்வரையில் ஒன்று தள்ளிய எண்ணெயை மற்றது உறிஞ்சிக்கொள்ளும். முன்சக்கரங்கள் வழுக்கினால் மிஞ்சிய எண்ணெயின் அழுத்தம் கிளட்ச் தட்டுகளை இறுக்கும். ஒப்பற்ற எளிமைதான்; வழுக்கல் நேர்ந்தபின்னரே அது விழித்துக்கொள்வது ஒன்றே குறை.

இனி இந்தச் சாதனங்களின் முதுமையைப் பற்றிச் சொல்லவேண்டும்; ஏனெனில் பழைய வண்டியை வைத்திருப்போருக்கு அதுவே அன்றாடக் கவலை. விஸ்கஸ் கப்ளிங்கின் திரவம் பல்லாண்டு சூட்டினால் தன் குணம் மாறிக் கெட்டிப்படுகிறது. கெட்டிப்பட்டால், வளைவில் பொறுத்துக்கொள்ளவேண்டிய சிறு வேற்றுமையையும் அது பொறுப்பதில்லை. குறுகிய இடத்தில் திரும்பும்பொழுது வண்டி பிரேக் பிடித்தாற்போல் தயங்குகிறது, டயர்கள் தேய்கின்றன, பல்சக்கரங்கள் உடைகின்றன. மாறாகத் திரவம் கசிந்துவிட்டால், யாதொரு அறிகுறியும் தோன்றாமல், பின்சக்கரங்களுக்குரிய சக்தி குறைந்துகொண்டே போகிறது. குளிர்காலத்து முதற்பனியில்தான் உண்மை வெளிப்படும். இவற்றைக் காட்டிலும் பெரிய தீங்கு டயர்களால் விளைவது. முன்னிரண்டு டயர்களை மாத்திரம் புதிதாக மாற்றி, தேய்ந்த இரண்டைப் பின்னால் விட்டுவைத்தால், அவற்றின் சுற்றளவு வேறுபட்டு, நேர்ச்சாலையிலும் கப்ளிங் ஓயாமல் உரசிச் சூடேறி, நாளடைவில் கெட்டுவிடுகிறது. பழுதான வண்டியை இரண்டு சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுத்துச் செல்வதும் அவ்வாறே. சில இடங்களில் மெக்கானிக்குகள், கப்ளிங்கை மாற்றும் செலவுக்கு அஞ்சிய சொந்தக்காரரின் வேண்டுகோளின்படி, புரொபெல்லர் ஷாஃப்டையே கழற்றி மூலையில் போட்டுவிடுவதும் உண்டு. வண்டி அதன்பின்னும் ஓடும். எதற்காகச் செய்யப்பட்டதோ அது மாத்திரம் அதனிடம் இராது.

வழக்கின் தீர்ப்பு 2004-இல் வெளியாயிற்று. 2005-ஆம் ஆண்டு வண்டிகளில் கிரைஸ்லர், நடுவரிசை ஆசனங்களை மடித்துத் தளத்துக்குள்ளேயே அமிழ்த்திவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆசனங்களைக் கழற்றித் தூக்கிச் செல்லும் கஷ்டம் ஜனங்களுக்கு நீங்கிற்று. ஆனால் அந்த ஆசனங்கள் இறங்குவதற்குரிய குழிகள், தண்டு ஓடிய இடத்தைத் தமக்கென்று எடுத்துக்கொண்டன. நான்கு சக்கர இயக்கம் கைவிடப்பட்டது. அது பயன்படவில்லை என்று யாரும் சொல்லவில்லை; இடம் ஒன்றுதான் இருந்தது, கேட்டவர் இருவர். ஆஸ்ட்ரோவின் உற்பத்தியும் 2005-இல் முடிவடைந்தது. டொயோட்டாவின் சியன்னாவோ 2004 முதல் இந்த மரபைக் காத்துவந்தது. அதிலும் தண்டும் பின் டிஃபரன்ஷியலும் மாற்றுச் சக்கரத்தின் இடத்தை அடைத்துக்கொள்ளவே, காற்றுப் போனபின்னும் சிறிது தூரம் ஓடக்கூடிய டயர்களைப் பொருத்தவேண்டியதாயிற்று. 2021-ஆம் ஆண்டு வண்டியாகக் கிரைஸ்லர் பஸிஃபிகா, மடியும் ஆசனங்களையும் தண்டையும் ஒரே தளத்தின் கீழே சேர்த்துக் காட்டியபொழுது, பழைய தகராறு பதினாறு ஆண்டுகளுக்குப் பின் சமாதானமாயிற்று. அதே ஆண்டுச் சியன்னாவோ பின்னச்சுக்குத் தனியாக ஒரு மின்மோட்டாரை வைத்துத் தண்டையே வேண்டாமென்று நீக்கிவிட்டது. இணைப்பை இறுக்குவதும் தளர்த்துவதும் இப்பொழுது மின்னணுப் பொறிகளின் கையில் இருக்கின்றன. அவை விரைவாகவும் செம்மையாகவும் அதைச் செய்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜென்ஸன் போன்ற அருமையான வண்டிகளைக் காப்பாற்றச் செல்வந்தர்களும் காட்சிசாலைகளும் உண்டு. பிள்ளைகளின் பிஸ்கட் துகள்கள் ஆசனச் சந்துகளில் சிதறிக் கிடக்கும் ஒரு பழைய வாயேஜரையோ பிரெவியாவையோ காப்பாற்ற அதன் சொந்தக்காரரைத் தவிர வேறு யாருமில்லை. ஆதலால் அத்தகைய வண்டியை வைத்திருப்போர் நான்கு டயர்களையும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் மாற்றவேண்டும். பழுது நேர்ந்தால் நான்கு சக்கரங்களும் தரையில் படாமல் லாரிமேல் ஏற்றியே கொண்டுசெல்லவேண்டும். கப்ளிங் கெட்டதென்று மெக்கானிக் சொன்னால், தண்டைக் கழற்றுவதற்குச் சம்மதிக்குமுன், வேறொரு கப்ளிங் கிடைக்குமா என்று ஒரு முறையாவது விசாரித்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.